ஒரே உடம்புதானுங்களே!



எதிரணி நண்பர் பேசி முடித்தபோது எழுந்த கைதட்டலைக் கேட்டேன். கோயம்புத்தூர்க்காரங்க முன்னாடி நின்னு கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியைப் புகழ்ந்தா கை தட்டாம என்ன செய்வாங்க? (சிரிப்பு) 1952-இல் வந்த ஜி. குப்புசாமி நாயுடு நினைவு மருத்துவமனை, 1966-இல் வந்த அரசு மருத்துவக் கல்லூரி, 1978-இல் எலும்பு ஒட்டவைக்கவே தொடங்கின கங்கா, 1990-இல் கே.எம்.சி.எச்., 1997-இல் இங்கே கிளை திறந்த அரவிந்த் கண் மருத்துவமனை என்று வரிசையாகச் சொன்னார். அத்தனையும் உண்மை. ஒன்றைக்கூட நான் மறுக்கப் போவதில்லை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடல்வால் வீங்கித் துடிக்கிறவனைக் கஷாயம் குடிக்கச் சொல்ல நான் வரலீங்க. பாம்பு கடிச்சவனைப் பச்சிலைக்கு அனுப்பவும் வரலை. "உடல் நலம் காக்கப் பெரிதும் துணை நிற்பது உறுப்புக்கொரு நிபுணரா? ஆளை முழுசாகப் பார்க்கும் மருத்துவமா?" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நிபுணர் வேண்டாம் என்பதல்ல எங்கள் கட்சி. நிபுணர் பார்த்து முடித்த பிறகு அந்த ஆளை யார் பார்ப்பது என்பதுதான் எங்கள் கேள்வி. அதற்கு இந்தக் கொங்கு மண்ணின் சரித்திரத்தையே சாட்சிக்குக் கூப்பிடுகிறேன்.

முதல் சாட்சி, மில்லுங்க. 1888-இல் ஸ்டேன்ஸ் துரை ஆரம்பித்த மில்லோடு தொடங்கி, 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தவுடன் ஊரைச் சுற்றி மில் மில்லாக முளைத்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மில் தொழிலாளி. அந்தத் தொழிலாளிக்கு ஒரு நோய் வரும். லீவு முடிந்து வேலைக்குப் போகிற முதல் நாள் நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும். மூச்சு வாங்கும். இரண்டாம் நாள் கொஞ்சம் தேவலை. வாரக் கடைசியில் சரியாகிவிடும். மறுபடி லீவு, மறுபடி முதல் நாள், மறுபடி இறுக்கம். வருஷம் போகப் போக எல்லா நாளும் இறுக்கம். பஞ்சுத் தூசியால் வருகிற நோய் அது. மருத்துவத்தில் பிஸினோஸிஸ் என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

இப்போது கவனிக்க வேண்டும். அந்த ஆளை நெஞ்சு நிபுணரிடம் கூட்டிப் போகிறோம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆஸ்துமா என்று எழுதலாம், டி.பி.யோ என்று சந்தேகப்படலாம். ஆனால் ஒரே ஒரு டாக்டர், "எந்த நாளில் இறுக்குது? மில்லில் எந்த டிபார்ட்மெண்ட்ல இருக்கே? ப்ளோ ரூமா, கார்டிங்கா?" என்று கேட்டுவிட்டால் போதும், நோய் பிடிபட்டுவிடும். அந்தக் கேள்விக்கான பதில் நுரையீரலுக்குள் இல்லை. அந்த மனுஷனோட வேலையில் இருக்கிறது, வாரத்தில் இருக்கிறது, அவன் வாயில் இருக்கிறது.

இத்தாலியில் ரமாஸினி என்று ஒரு வைத்தியர். 1700-இல் தொழிலாளிகளின் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் கேட்க வேண்டியவை என்று பழைய வைத்தியர்கள் சொல்லி வைத்த கேள்விகளோடு, "நீ என்ன வேலை செய்கிறாய்?" என்பதையும் சேர்த்துக் கேளுங்கள் என்று சொன்னவர் அவர். முந்நூறு வருஷம் ஆகிவிட்டது. உங்களில் எத்தனை பேரிடம் உங்கள் டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்? கையைத் தூக்குங்க பார்க்கலாம். (சிரிப்பு) தூக்கினவங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் நடுவர் அவர்களே.

1955-இல் தமிழ்நாட்டில் இ.எஸ்.ஐ. திட்டம் முதன்முதலாக இந்தக் கோயம்புத்தூரில்தான் வந்தது. அதைச் சும்மா இலவச மருந்துத் திட்டம் என்று நினைக்கிறோம். வியாதி, சம்பளம், லீவு, பிரசவம், வேலையில் காயம், இவ்வளவையும் ஒரே மனுஷனுக்கு நடக்கிற ஒரே சங்கதியாகப் பார்த்த திட்டம் அது. நடப்பில் எப்படி இருந்தது, டிஸ்பென்சரி வரிசை எவ்வளவு நீளம் என்று கேட்டால் அது வேறு கதை. அந்த வரிசையில் நின்றவர்கள் இங்கேயே நிறையப் பேர் இருப்பீர்கள். ஆனால் எண்ணம் பெரிய எண்ணம்.

அடுத்து, "ஒருங்கிணைந்த மருத்துவம் என்பது நேற்று வந்த ஃபேஷன்" என்று நண்பர் ஒரு போடு போட்டார். பழைய கதை கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

சித்தர்களை இழுக்காமல் கொங்கு நாட்டில் மருத்துவம் பேச முடியாது. காங்கேயம் பக்கம் ஊதியூர் மலை என்றால் கொங்கணர், கரூர் என்றால் கருவூரார், பழனி என்றால் போகர். நவபாஷாணத்தைக் கட்டிச் சிலை செய்தார் என்பது மக்கள் நம்பிக்கை. நம்பிக்கையை நம்பிக்கையாக வைத்துக்கொள்வோம், அதை நான் ஆதாரமாகக் காட்டவில்லை. ஆனால் அந்த மரபின் வைத்தியன் நாடியைப் பிடித்தவுடன் என்ன கேட்பான்? பசி எப்படி, தூக்கம் எப்படி, மலம் போகுதா, வீட்டில் ஏதாவது மனக்கஷ்டமா என்றுதான் கேட்பான். வள்ளுவரை எடுங்கள். மருந்து என்று ஓர் அதிகாரம் வைத்தார். பத்துக் குறளில் பெரும்பகுதி சாப்பாட்டைப் பற்றியே பேசுகிறது. கடைசிக் குறளில் மருத்துவத்துக்கு நாலு பங்கு என்கிறார். நோயாளி, வைத்தியன், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிற ஆள். இந்த நாலாவது ஆளைத்தான் இன்றைக்கு ஐ.சி.யூ. வாசலுக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டோம். (கைதட்டல்)

சரி, அது பழங்காலம். 1921-இல் சென்னை மாகாண அரசு முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழு போட்டது. நாட்டு மருத்துவ முறைகளை என்ன செய்யலாம் என்று ஆராயச் சொன்னார்கள். அதற்குச் செயலாளர் கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி. ஆங்கில மருத்துவம் படித்தவர். அந்த ஆள்தான் ஆயுர்வேதம், சித்தா, யுனானிக்காக எழுதி வாதாடினார். 1923-இல் அறிக்கை வந்தது. அடுத்த சில வருஷத்துக்குள் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி வந்தது. ஒரே கட்டடத்தில் நாடியும் சொல்லிக் கொடுத்தார்கள், உடற்கூறும் சொல்லிக் கொடுத்தார்கள். பிற்பாடு அது ஒருங்கிணைந்த மருத்துவக் கல்லூரி என்றே பேர் பெற்றது. எங்கே இருந்தது தெரியுமா? கீழ்ப்பாக்கத்தில். 1960-இல் அதே இடம் முழு ஆங்கில மருத்துவக் கல்லூரியாக மாறியது. இன்றைக்குக் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி என்று சொல்கிறோமே, அதோட வேர் அதுதான்.

ஏன் மாறியது? நாட்டு மருத்துவத்தின் எதிரிகள் சதி செய்தார்கள் என்று எங்கள் பக்கத்தில் சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஒருங்கிணைந்த கல்லூரிகளில் படித்த பிள்ளைகளே, எங்களுக்கு எம்.பி.பி.எஸ். பட்டம்தான் வேணும் என்று கேட்டார்கள். ரெண்டு பாடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் ஒருங்கிணைப்பு ஆகிவிடுமா? அரைப்படி அரிசியையும் அரைப்படி உளுந்தையும் தனித்தனிச் சட்டியில் வைத்துவிட்டு இட்லி எங்கே என்று கேட்டால் எப்படி? (சிரிப்பு) ஊறணும், அரைக்கணும், புளிக்கணும். அந்தக் காலம் அங்கே கொடுக்கப்படவில்லை. அதற்குப் பிறகு 1964-இல் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவக் கல்லூரி வந்தது. ஆங்கில மருத்துவம் ஒரு ரோட்டிலும் சித்தா இன்னொரு ரோட்டிலும் போக ஆரம்பித்தன.

அப்படிப் பிரிந்து போன ரோடுகள் ஒரு தடவை சந்தித்தன. எங்கே என்றால், நம்ம கோயம்புத்தூரில்.

1943-இல் பி.வி. ராம வாரியர் இங்கே ஆர்ய வைத்ய பார்மஸியை ஆரம்பித்தார். அவருக்குப் பிறகு அவர் மகன் பி.ஆர். கிருஷ்ணகுமார். 2009-இல் பத்மஸ்ரீ வாங்கினவர், 2020-இல் காலமானார். இவர்கள் நினைத்திருந்தால் தைலமும் லேகியமும் விற்று நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் 1977-இல் உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் கைகோத்து, முடக்குவாதத்துக்கு ஆயுர்வேத சிகிச்சை என்ன செய்கிறது என்று இதே ஊரில் ஆராய ஆரம்பித்தார்கள். விரல் மூட்டெல்லாம் வீங்கி, காலையில் எழுந்து டம்ளரைப் பிடிக்க முடியாமல், ஜாக்கெட் கொக்கியைப் போட முடியாமல் கஷ்டப்படுகிற பெண்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த வியாதி.

கதை அங்கே நிற்கவில்லை. அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சலீஸ் பல்கலைக்கழகத்தில் டேனியல் ஃபர்ஸ்ட் என்று ஒரு மூட்டுநோய் நிபுணர். கேட்டுக்கொள்ளுங்கள் எதிரணியினரே, நிபுணர்! அவரும் கோயம்புத்தூர் வைத்தியர்களும் சேர்ந்து இங்கேயே ஒரு சோதனை நடத்தினார்கள். 43 நோயாளிகள். மூன்று குழு. ஒரு குழுவுக்கு நிஜ ஆயுர்வேத மருந்து, கூடவே ஆங்கில மாத்திரை மாதிரியே இருக்கிற டம்மி மாத்திரை. இன்னொரு குழுவுக்கு மெதோட்ரெக்ஸேட் என்கிற நிஜ ஆங்கில மாத்திரை, கூடவே ஆயுர்வேத மருந்து மாதிரியே இருக்கிற டம்மி. மூன்றாவது குழுவுக்கு ரெண்டும் நிஜம். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மதிப்பிடுகிற டாக்டருக்கும் தெரியாது. 36 வாரம்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வழக்கமாக இப்படிச் சோதனை என்றால் எல்லோருக்கும் ஒரே மருந்து, ஒரே அளவு. ஆயுர்வேதத்தில் அது நடக்காது. ஒரே வியாதிதான், ஆனால் இந்தம்மாவுக்குக் கொடுக்கிற கஷாயம் அந்தம்மாவுக்கு ஆகாது என்பான் வைத்தியன். பலபேர் இதைச் சாக்காகச் சொல்லி, "எங்க வைத்தியத்தைச் சோதிக்கவே முடியாது" என்று தப்பித்துவிடுவார்கள். இவர்கள் தப்பிக்கவில்லை. ஆளுக்கேற்ற மருந்தை வைத்தியரே தேர்ந்தெடுக்க விட்டார்கள், அதற்கேற்ற மாதிரி டம்மியும் செய்தார்கள். ஆளைப் பார்க்கிற வைத்தியத்தை, ஆளைப் பார்க்க விட்டே சோதித்தார்கள்.

2011-இல் முடிவை வெளியிட்டார்கள். மூன்று குழுவுமே ஏறக்குறைய ஒரே அளவுக்குக் குணம் கண்டது. பக்கவிளைவு ஆயுர்வேதக் குழுவில் எண்ணிக்கையில் குறைவு. நான் இதை ஊதிப் பெரிதாக்க மாட்டேன். 43 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. அதை ஒரு முன்னோட்டம் என்றுதான் அவர்களே சொன்னார்கள். ரெண்டையும் சேர்த்துக் கொடுத்தால் ரெட்டிப்புப் பலன் என்றும் அது காட்டவில்லை. ஆனால் ஒன்றைக் காட்டியது. ரெண்டு மருத்துவமும் ஒரே கூரையின் கீழ், ஒரே கேஸ் ஷீட்டில், ஒன்றுக்கொன்று கணக்குக் காட்டி வேலை செய்ய முடியும். கீழ்ப்பாக்கத்தில் அத்தனை வருஷத்தில் கூடி வராதது, இந்தச் சின்னச் சோதனையில் கூடி வந்தது. (கைதட்டல்)

இது ஏன் அவ்வளவு முக்கியம்? எங்க அம்மிச்சியைச் சொல்கிறேன். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், அம்மாவைப் பெத்தவங்களை நாங்கள் அம்மிச்சி என்போம். எழுபத்தெட்டு வயசு. சர்க்கரைக்கு ஒரு டாக்டர், ரத்தக்கொதிப்புக்கு ஒருத்தர், முழங்காலுக்கு ஒருத்தர், கண்ணுக்கு ஒருத்தர், கிட்னிக்கு ஒருத்தர். மஞ்சப்பையில் அஞ்சு ஃபைல். இது போக, ஊரில் யாரோ சொன்னார்கள் என்று சிறுகுறிஞ்சான் பொடி. அதற்குச் சர்க்கரைக்கொல்லி என்றே பேர். அந்தப் பேர் சும்மா வந்ததல்ல, சர்க்கரையை இறக்கும். டாக்டர் மாத்திரையும் இறக்கும், பொடியும் இறக்கும். ஒரு நாள் விடியக்காலம் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, வாசப்படியிலேயே சாய்ந்துவிட்டார்கள். நல்லவேளை, பக்கத்து வீட்டுப் பெண் வாயில் சர்க்கரைத் தண்ணி ஊற்றினாள்.

அந்த மாத்திரையில் தப்பில்லை. அந்தப் பொடியிலும் தப்பில்லை. ரெண்டுக்கும் அறிமுகம் இல்லை, அவ்வளவுதான். பொடி சாப்பிடுவதை ஏன் டாக்டரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "திட்டுவாருன்னு சொல்லலே சாமி" என்றார்கள். வைத்தியரிடம் மாத்திரையைப் பற்றி ஏன் சொல்லவில்லை? "அவரு கேக்கவே இல்லியே." அப்புறம் அம்மிச்சி ஒரு வார்த்தை சொன்னார்கள். "அஞ்சு டாக்டரும் நல்லவங்கதான் கண்ணு. ஆனா எனக்கு இருக்கிறது ஒரே உடம்புதானே?"

நடுவர் அவர்களே, இந்த மேடையில் நான் எவ்வளவு பேசினாலும் அந்த வார்த்தைக்கு ஈடாகாது.

எங்கள் பக்கத்திலும் களை இருக்கிறது, அதைப் பிடுங்கிக் காட்டிவிட்டுப் போகிறேன். முழுமை மருத்துவம் என்று போர்டு வைத்துக்கொண்டு, மூட்டுவலிப் பொடியில் ஸ்டீராய்டைக் கலந்து விற்கிற போலிகள் இருக்கிறார்கள். பாட்டிலில் லேபிள் இருக்காது, என்ன மருந்து என்று கேட்டால் "பரம்பரை ரகசியம்" என்பார்கள். ரகசியமான மருந்தை எதோடு ஒருங்கிணைப்பது? பக்கத்தில் இருக்கிற டாக்டருக்குச் சொல்ல முடியாத மருந்தை எங்க அணியில் சேர்க்க மாட்டோம். பெரிய ஆஸ்பத்திரி சிலவற்றில் அஞ்சாவது மாடியில் யோகா அறை, மூலிகை மசாஜ் என்று வைத்துப் பேக்கேஜ் போடுகிறார்கள். அதுவும் நாங்கள் சொல்கிற சங்கதி இல்லை. அது அஞ்சு ஃபைலோடு ஆறாவது ஃபைல். (சிரிப்பு, கைதட்டல்)

1978-இல் சோவியத் நாட்டு அல்மா-ஆட்டாவில் உலக நாடுகள் கூடி, ஆரம்ப சுகாதாரம்தான் அடித்தளம் என்று அறிக்கை விட்டன. உணவு, குடிதண்ணீர், தாய் சேய் நலம், தேவைப்படுகிற இடத்தில் நாட்டு வைத்தியர், எல்லாம் அதில் இருந்தது. அறிக்கை விடுவது சுலபம். அதை வாழ்ந்து காட்டின இடம் ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. கொங்கின் வடகிழக்கு ஓரம், தருமபுரி மாவட்டம், மலைகளுக்கு நடுவில் சிட்டிலிங்கி.

1993-இல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்று ஒரு டாக்டர் தம்பதி அங்கே போனார்கள். அவர் மயக்க மருந்து நிபுணர், அந்தம்மா மகப்பேறு. ரெண்டு பேரும் நிபுணர்கள்தான்! கூரைக் குடிசையில் ஆரம்பித்தார்கள். அப்போது அங்கே பிறக்கிற ஆயிரம் குழந்தையில் நூறுக்கும் மேல் முதல் பிறந்தநாளைப் பார்க்காமலே போய்க்கொண்டிருந்தன. நிபுணர் என்ன செய்வார்? குழந்தை நிபுணர் ஒருத்தர் வேணும், இன்குபேட்டர் வேணும் என்பார். இவர்கள் முதலில் செய்தது, மலைவாழ் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தது. பள்ளிக்கூடப் படிப்பு அதிகம் இல்லாத பெண்கள் நர்ஸ் ஆனார்கள், பிரசவம் பார்த்தார்கள், வீடு வீடாகப் போய்க் குழந்தையை எடை போட்டார்கள். குழந்தைச் சாவு பல மடங்கு குறைந்தது.

அதற்கப்புறம்தான் கதையே. குழந்தை பிழைத்துவிட்டது, ஆனால் வீட்டில் சாப்பாடு? உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் கடன் வாங்கி, விளைந்ததை விற்று, ரேஷன் அரிசி மட்டும் தின்னால் உடம்பு எங்கே தேறும்? அதனால் ஆஸ்பத்திரிக்காரர்கள் வயலுக்குப் போனார்கள். இயற்கை விவசாயிகள் சங்கம் உண்டானது. மறைந்துகொண்டிருந்த ராகியும் சாமையும் திரும்பி வந்தன. லம்பாடிப் பெண்கள் மறந்துபோன பூ வேலைப்பாட்டைப் பாட்டிகளிடம் கேட்டுக் கற்று, 'பொர்கை' என்று பேர் வைத்து விற்க ஆரம்பித்தார்கள். அந்தச் சொல்லுக்கு அவர்கள் மொழியில் பெருமிதம் என்று அர்த்தமாம். மயக்க மருந்து டாக்டருக்கு ராகியில் என்ன வேலை, பிரசவ டாக்டருக்கு ஊசி நூலில் என்ன வேலை என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாது. சிட்டிலிங்கிக்குப் போனால் தெரியும்.

அரசாங்கமும் அந்த வழிக்கு வந்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை வீட்டுக்கு வருகிறது. படுத்த படுக்கையானவருக்கு உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்க ஆள் வருகிறார். கடைசிக் காலத்து வலியைக் குறைக்க நர்ஸ் வருகிறார். 2024-இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருது கிடைத்தது. விருதை விடுங்கள். வீட்டுக்குள் வருகிற அந்தப் பெண் தன்னார்வலருக்குச் சமையலறை தெரிகிறது. ஊறுகாய் ஜாடி தெரிகிறது. ஜன்னல் மேல் வைத்திருக்கிற சிறுகுறிஞ்சான் பொடி டப்பாவும் தெரிகிறது! (பலத்த கைதட்டல்)

மணி அடித்துவிட்டீர்கள் அய்யா, இதோ முடிக்கிறேன். அடுத்து எதிரணியில் இருந்து வருகிறவர் பெரிய பேச்சாளர். அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது கொடுக்கிற டிஸ்சார்ஜ் சம்மரியில் ஸ்கேன் இருக்கிறது, ரத்தப் பரிசோதனை இருக்கிறது, மாத்திரை இருக்கிறது. நோயாளி என்ன வேலை செய்கிறார், வீட்டில் யார் சமைக்கிறார்கள், வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று எழுதுகிற இடம் அந்தத் தாளில் எந்த மூலையில் இருக்கிறது என்று மட்டும் காட்டிவிட்டு, அவர் தன் பேச்சை ஆரம்பிக்கட்டும்.